ஜிம் தோர்ப் (பழைய மாக் சங்க்): நிலக்கரியா, சரிவா, கல்லறையா? இந்த ஊரைக் காப்பாற்றியது எது?

சரவணன்_எடிசன் (இழையைத் தொடங்கியவர்)

அக்டோபர் வந்துவிட்டால் நியூஜெர்சி, பிலடெல்பியா பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: "ஜிம் தோர்ப் போகலாமா, இலை கலர் மாறிடுச்சா?" பென்சில்வேனியாவில் லீஹை ஆறு மலையைக் குடைந்துகொண்டு போகும் இடுக்கில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பேரூராட்சி அது. 2020 கணக்குப்படி 4,507 பேர். நம் ஆட்கள் போவார்கள், படம் எடுப்பார்கள், புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

ஆனால் அந்த ஊரின் கதை எனக்குத் தெரிந்த அமெரிக்கச் சிற்றூர்களிலேயே விசித்திரமானது. 1954 வரை அதன் பெயர் மாக் சங்க். நிலக்கரிக்காகப் பிறந்த ஊர். நிலக்கரி படுத்ததும், உயிரோடு இருந்தபோது அந்த ஊர்ப் பக்கமே வராத ஒரு விளையாட்டு வீரரின் உடலை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் பெயரையே ஊருக்கும் வைத்துக்கொண்டது.

இதில் இரண்டு கட்சி இருக்கிறது. "பிழைக்கத் தெரிந்த ஊர்" என்பது ஒன்று. "வெட்கங்கெட்ட வியாபாரம்" என்பது இன்னொன்று. நான் முதல் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள். ரயில்பித்தன் அண்ணா கண்டிப்பாக வருவார் என்று தெரியும்.

---

ரயில்பித்தன்

வந்துவிட்டேன் தம்பி. ஆனால் நீங்கள் கேள்வியை 1954-லிருந்து தொடங்குகிறீர்கள். 1820-லிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஊரில் நிலக்கரியே கிடையாது. கரி இருந்தது ஒன்பது மைல் தள்ளி, மலை உச்சியில் இருக்கும் சம்மிட் ஹில்லில். மாக் சங்க் என்பது கரியை ஆற்றில் இறக்கும் துறை, அவ்வளவுதான். ஊருக்குக் கிடைத்த உண்மையான சொத்து சரிவு. மேலே கரி, கீழே ஆறு.

ஜோசியா வைட், எர்ஸ்கின் ஹசார்ட் என்ற இரண்டு பேர் பிலடெல்பியா அருகே கம்பி ஆலை வைத்திருந்தவர்கள். இந்தச் சரிவை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள்தான். லீஹை ஆற்றில் கோடையில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காத இடங்கள் உண்டு. வைட் என்ன செய்தார் தெரியுமா? ஆற்றுக்குக் குறுக்கே சின்னச் சின்ன அணைகளைக் கட்டி, தண்ணீரைத் தேக்கி, மதகை ஒரே அடியாகத் திறந்துவிட்டார். செயற்கையாக ஒரு வெள்ளம்! கரி ஏற்றிய மரப் பெட்டிகள் அந்த வெள்ளத்தின் மேல் ஏறிக் கீழே போயின. அந்தப் பெட்டிகளுக்கு ஆர்க் என்று பெயர். சதுரமான பெட்டிகளைக் கீல் போட்டு ஒன்றோடொன்று கோத்து, போகப் போக 180 அடி நீளம் வரை இழுத்துவிட்டார்கள். பிலடெல்பியா போய்ச் சேர்ந்ததும் கரியை விற்று, பெட்டியையும் உடைத்துப் பலகையாக விற்று, இரும்பு ஆணி, கீல்களை மட்டும் திரும்பக் கொண்டுவருவார்கள். படகு மேலே ஏறி வருவதே இல்லை. எல்லாம் ஒருவழிப் பயணம். 1820-ல் இப்படி இறங்கியது வெறும் 365 டன்.

அடுத்தது மலையிலிருந்து ஆறு வரைக்கும். 1827-ல் ரயில் போட்டார்கள். மரத் தண்டவாளம், அதன் மேல் இரும்புப் பட்டை. இன்ஜின் கிடையாது. கரிப் பெட்டிகளைச் சரிவில் உருட்டிவிடுவது, பிரேக்காரர் ஒருவர் கூடவே வருவது. ஒன்பது மைல், சுமார் அரை மணி நேரம். காலிப் பெட்டிகளை மேலே இழுத்துப் போக வேண்டுமே? அதற்குக் கோவேறு கழுதைகள். கழுதைகள் எப்படிக் கீழே வந்தன என்பதுதான் வேடிக்கை. அதே ரயிலில், பெட்டிக்கு நாலாக நிற்க வைத்து, வழியில் தீவனம் தின்ன வைத்து இறக்கினார்கள். சுகம் கண்டுவிட்டன. ஒருமுறை பெட்டி எதுவும் இல்லாமல் நடத்திக் கீழே ஓட்டிப்போகப் பார்த்தபோது ஒரு கழுதையும் அசையவில்லையாம். மேலே இழுப்போம், கீழே சவாரிதான் என்று ஒரே பிடிவாதம். அந்தக் காலத்துப் பயணிகள் பலர் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் கட்சி மூன்றாவது: சரிவு. அந்த ஊர் விற்றதெல்லாம் இறக்கம்தான். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

---

சும்மாவந்தவன்

அண்ணா, அப்படியானால் அமெரிக்காவின் முதல் ரயிலே இதுதானா? எங்கேயோ படித்த ஞாபகம்.

---

பழையபெட்டி

சும்மாவந்தவன், சுற்றுலாப் பலகைகளில் அப்படி இருக்கலாம், ஆனால் முதல் இல்லை. மாசசூசெட்ஸின் குவின்சியில் கருங்கல் இழுக்க 1826-லேயே ஒரு ரயில் ஓடியது. அதற்கும் முன்பு, 1810 வாக்கில், பென்சில்வேனியாவிலேயே லைப்பர் என்பவர் தன் கல் குவாரிக்கு ஒரு சின்னத் தடம் போட்டார். ஆனால் அவையெல்லாம் ஒன்றிரண்டு மைல் சமாசாரம். மாக் சங்க்கின் பெருமை அதன் நீளத்தில்.

ரயில்பித்தன் ஒன்றை விட்டுவிட்டார். அந்தக் கரியை அப்போது யாரும் வாங்கத் தயாராக இல்லை. அது ஆந்த்ரசைட். கல் மாதிரி இறுகிய கரி, சாதாரண அடுப்பில் பற்றாது. 1791-ல் பிலிப் கிண்டர் என்ற மலைவாசி அதை சம்மிட் ஹில்லில் கண்டெடுத்தார். மறு ஆண்டே ஒரு கம்பெனி ஆரம்பித்து, ஆயிரக்கணக்கான ஏக்கர் வளைத்துப் போட்டார்கள். 1803-ல் ஆறு ஆர்க் அனுப்பினார்கள், பிலடெல்பியா போய்ச் சேர்ந்தது இரண்டு. அங்கே அந்தக் கரியைக் கொட்டினால் எரிகிற நெருப்பும் அணைந்துபோனதாம். மிச்சத்தை உடைத்து நடைபாதைக்கு ஜல்லியாகப் போட்டுவிட்டார்கள்.

பிறகு 1812 போரில் வெளியிலிருந்து வரும் கரி நின்றது. வைட், ஹசார்ட் ஆலையில் ஆந்த்ரசைட்டைப் பற்றவைக்க ராத்திரி முழுக்கக் கிளறிக் கிளறிப் பார்த்து, ஆட்கள் அலுத்துப்போய் உலைக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்களாம். ஒருவர் மறந்துவிட்ட சட்டையை எடுக்கத் திரும்பி வந்தால் கதவே செக்கச்செவேலென்று காய்ந்திருக்கிறது. கிளறாமல் விட்டால்தான் எரியும் என்பது அப்படித்தான் தெரிந்தது என்பார்கள். கொஞ்சம் அலங்காரம் இருக்கலாம், ஆனால் ஆந்த்ரசைட்டின் குணம் அதுதான்.

கரி எரியும் என்று தெரிந்த பிறகு இருவரும் என்ன செய்தார்கள்? 1818-ல் பழைய கம்பெனியின் நிலத்தை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆண்டு வாடகை ஒரு சோளக்கதிர். கேட்டால் ஒரு கதிர், அவ்வளவே. அந்த நிலத்தை அப்போது எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி தேவையில்லை. ஆற்றைச் சீர்செய்ய அனுமதி கேட்டபோது, "உங்களை நீங்களே அழித்துக்கொள்ள உரிமை தருகிறோம்" என்கிற மாதிரி மாநில சட்டசபையில் கேலி பேசினார்களாம். 1829-க்குள் மாக் சங்க்கிலிருந்து ஈஸ்டன் வரை 46 மைலுக்கு முழுக் கால்வாய் முடிந்தது.

---

தமிழ்க்கொடி

எல்லாம் சரி. அணை கட்டினவர், ரயில் போட்டவர், கழுதை எல்லாம் வந்துவிட்டது. கரியை வெட்டினவர்கள் எங்கே?

ஜிம் தோர்ப் போகிறவர்களில் பாதிப் பேர் பழைய சிறைச்சாலையைப் பார்த்துவிட்டு "பேய் இருக்குதாம்" என்று ரீல்ஸ் போடுகிறார்கள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. 1877 ஜூன் 21 அன்று பென்சில்வேனியாவில் ஒரே நாளில் பத்து ஐரிஷ்காரர்களைத் தூக்கில் போட்டார்கள். ஆறு பேர் பாட்ஸ்வில்லில், நாலு பேர் மாக் சங்க்கில். அந்த நாலு பேர் அலெக்சாண்டர் கேம்பல், ஜான் டொனஹ்யூ, மைக்கேல் டாயில், எட்வர்ட் கெல்லி. குற்றச்சாட்டு: மாலி மக்வயர்ஸ் என்ற ரகசியக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், சுரங்க அதிகாரிகளைக் கொன்றார்கள் என்பது. 1875 செப்டம்பரில் லான்ஸ்ஃபோர்டில் ஜான் ஜோன்ஸ் என்ற சுரங்கக் கண்காணிப்பாளர் சுடப்பட்டது உண்மை. யாரும் மறுக்கவில்லை. விசாரணை நடந்த விதம்தான் கேள்வி.

துப்பறிந்தவர் பிங்கர்ட்டன் கம்பெனி ஆள், ஜேம்ஸ் மெக்பார்லன். அவரை ஏவியவர் பிராங்க்ளின் கோவன், ஃபிலடெல்பியா அண்ட் ரெடிங் ரயில்வேயின் தலைவர். கைது செய்தது நிலக்கரி-இரும்புக் காவல்படை என்ற தனியார் போலீஸ். வழக்கை நடத்தியவர்களில் கரிக் கம்பெனி வழக்கறிஞர்கள் இருந்தார்கள். மாக் சங்க் விசாரணையில் சார்லஸ் ஆல்பிரைட் என்ற வழக்கறிஞர் உள்நாட்டுப் போர் கால ராணுவ உடையில் நீதிமன்றத்துக்கு வந்தார். ஜூரியில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் இல்லை. பின்னாளில் இந்த ஊர் இருக்கும் கார்பன் மாவட்டத்து நீதிபதி ஒருவர், துப்பறிந்ததும் பிடித்ததும் வழக்காடியதும் தனியாரே, அரசு கொடுத்தது நீதிமன்ற அறையும் தூக்குமரமும் மட்டும்தான் என்ற பொருளில் எழுதினார்.

மொத்தம் 20 பேர் தூக்கிலேறினார்கள். மாக் சங்க் சிறையில் மட்டும் ஏழு பேர். 1979-ல் அவர்களில் ஒருவரான ஜான் கிஹோவுக்கு மட்டும், 100 ஆண்டு கழித்து, ஆளுநர் மில்டன் ஷாப் மன்னிப்பு வழங்கினார்.

அண்ணா சொல்கிற சரிவில் உருண்டு வந்த ஒவ்வொரு பெட்டியையும் யாரோ ஒருவர் மேலே நிரப்பி அனுப்பினார். அதை விட்டுவிட்டு "சரிவுதான் காப்பாற்றியது" என்றால் எனக்கு ஒப்பாது.

---

கோமதி_ஆலன்டவுன்

தமிழ்க்கொடி, ஜூரி விஷயம் முக்கியமானது, எழுதியதற்கு நன்றி. அந்தச் சிறையின் 17-ஆம் எண் அறையில் இருக்கும் கைரேகையைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்குக்குப் போகும் முன் கேம்பல் சுவரில் கையைப் பதித்து, "நான் குற்றமற்றவன் என்பதற்கு இது என்றும் சாட்சியாக இருக்கும்" என்றாராம். பெயின்ட் அடித்தாலும், காரையைப் பெயர்த்து மறுபடி பூசினாலும் திரும்ப வந்துவிடுகிறதாம். இதே கைரேகையை 1878-ல் தூக்கிலிடப்பட்ட தாமஸ் ஃபிஷருடையது என்று சொல்பவர்களும் உண்டு. நான் பார்த்தேன். சுவரில் ஒரு கறை இருக்கிறது, கை மாதிரிதான் இருக்கிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அந்தக் கைரேகையைவிட அந்த அறையின் அளவுதான் கலக்கியது. கையை நீட்டினால் இரு பக்கச் சுவரும் எட்டிவிடும் போல ஒரு குறுகல்.

இதே ஊரில், மலைச்சரிவில் கொஞ்சம் மேலே, ஏசா பேக்கரின் மாளிகை. சிறைக்கும் மாளிகைக்கும் நடை தூரம்தான். கனெக்டிகட்டில் பிறந்து, இங்கே வந்து கால்வாய்ப் படகு ஓட்டினவர், படகு கட்டினவர். 1851-ல் காகிதத்தில் மட்டும் இருந்த ஒரு ரயில் கம்பெனியைக் கையில் எடுத்து, 1853-ல் லீஹை வேலி ரயில்வே என்று பெயர் மாற்றி, 1855-ல் ஈஸ்டனிலிருந்து மாக் சங்க் வரை ஓட்டிக் காட்டினார். கால்வாய்க்காரர்கள் சிரித்தார்களாம். 1862 ஜூன் வெள்ளம் கால்வாயின் மேல்பகுதியை அடியோடு அடித்துக்கொண்டு போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் 1865-ல் 5 லட்சம் டாலரும் 56 ஏக்கரும் கொடுத்து ஆரம்பித்ததுதான் பெத்லஹேமில் இருக்கும் லீஹை பல்கலைக்கழகம். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்த, படிக்கிற இடம். மாளிகை 1861-ல் கட்டியது. அவர் மகள் மேரி 1912-ல் ஊருக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். உள்ளே நாற்காலி, விளக்கு, தட்டு எல்லாம் அவர்களுடையதே.

வழிகாட்டிகள் "ஒரு காலத்தில் இந்தத் தெருவில் 13 கோடீஸ்வரர்கள்" என்பார்கள். எண்ணிக்கை எப்படியோ, கரியில் கைவைக்காதவர்களிடம்தான் பணம் சேர்ந்தது என்பது தெரிகிறது.

---

ரயில்பித்தன்

தமிழ்க்கொடி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் "ஊரைக் காப்பாற்றியது எது" என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் முடிக்கவில்லை. கரி வெட்டினவர்களை ஊர் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம், அதை ஏற்றுக்கொள்கிறேன்.

பாதிக் கதையில் விட்டேன். கழுதை இழுவை கட்டுப்படியாகவில்லை. 1840-களின் நடுவில் திரும்பும் பாதை ஒன்றைத் தனியாகப் போட்டார்கள். மாக் சங்க் பக்கம் பிஸ்கா மலை, சம்மிட் ஹில் பக்கம் ஜெபர்சன் மலை. இரண்டின் உச்சியிலும் நீராவி இன்ஜின்கள் நிலையாக உட்கார்ந்திருக்கும். பிஸ்கா சரிவு மட்டும் 2,300 அடி நீளம், 660 அடிக்கு மேல் ஏற்றம். பெட்டியை எப்படி ஏற்றுவார்கள் என்று பாருங்கள். சரிவின் அடியில் ஒரு குழி. குழிக்குள் பார்னி என்ற சின்னத் தள்ளுவண்டி ஒளிந்திருக்கும். பெட்டி அதைத் தாண்டி முன்னால் போய் நின்றதும், மேலே இன்ஜின் இரும்புப் பட்டையைச் சுருட்ட, பார்னி குழியிலிருந்து கிளம்பிப் பின்னால் முட்டிக்கொண்டு தள்ளும். பட்டை அறுந்தால்? தடத்தின் நடுவே பல்வரிசை. பார்னியில் தொங்கும் இரும்பு நாக்கு பல்லில் மாட்டி நிறுத்திவிடும். ஏறும்போது டக்… டக்… டக் என்று ஒரு சத்தம் வருமே, ரோலர் கோஸ்டரில் ஏறியவர்களுக்குத் தெரியும். அதே தத்துவம்தான்.

உச்சியில் ஏறியதும் மறுபடி உருட்டல். அடுத்த மலை அடிவாரம் வரை தானாகப் போகும். அங்கே மறுபடி ஏற்றம், பிறகு மறுபடி உருட்டல். மொத்தச் சுற்று 18 மைல், எந்தப் பெட்டியிலும் இன்ஜின் கிடையாது.

1872-ல் மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை திறந்தது. நிஜ ரயில் இன்ஜின்கள் பள்ளத்தாக்குக்குள்ளேயே வந்துவிட்டன. சரிவு ரயிலுக்கு வேலை போயிற்று. வேறு ஊராக இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். இவர்கள் டிக்கெட் போட்டு மனிதர்களை ஏற்றினார்கள்! நியூயார்க்கிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வந்து, மலையில் ஏறி, உருண்டுவிட்டுப் போனார்கள். கரி சுமந்தது 45 ஆண்டு. ஆட்களைச் சுமந்தது 1933 வரை, 60 ஆண்டுக்கு மேல். லாமார்கஸ் தாம்சன் 1884-ல் கோனி தீவில் திறந்த முதல் ரோலர் கோஸ்டருக்கு ஸ்விட்ச்பேக் ரயில்வே என்றே பெயர். மாக் சங்க் ரயிலுக்கும் அதே பெயர்தான். உலகத்துக் குழந்தைகளெல்லாம் இன்று அலறிக்கொண்டு இறங்குவது இந்தக் கரிப்பாதையின் வம்சத்தில்.

1937-ல் தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்பு விலைக்கு விற்றார்கள். பத்து இருபது வருஷம் பொறுத்திருந்தால் இன்று அதுவே ஊருக்குச் சோறு போட்டிருக்கும். நினைத்தால் வயிறெரிகிறது.

---

சும்மாவந்தவன்

அந்தப் பாதை இப்போது?

---

ரயில்பித்தன்

நடைபாதை, சைக்கிள் பாதை. சம்மிட் ஹில்லில் தொடங்கினால் பெரும்பாலும் இறக்கம். கழுதைகளின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தோன்றும்.

---

சரவணன்_எடிசன்

அப்புறம் கல்லறைக்கு வருவோம். இழை அதற்குத்தானே.

ஜிம் தோர்ப், சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து தடகளப் போட்டி), டெகத்லான் (பத்து போட்டி) இரண்டிலும் தங்கம். அதற்கு முன்பு சிறு அணிகளில் காசு வாங்கி பேஸ்பால் ஆடினார் என்று 1913-ல் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். 1953 மார்ச் 28-ல் கலிபோர்னியாவில், கையில் காசில்லாமல் இறந்தார். ஒக்லஹோமாவில் நினைவுச்சின்னம் கட்டும் திட்டத்துக்கு அந்த மாநில ஆளுநர் பணம் தர மறுத்துவிட்டார். மூன்றாவது மனைவி பட்ரிசியா உடலை வைத்துக்கொண்டு இடம் தேடினார்.

அதே நேரம் மாக் சங்க்கிலும், ஆற்றின் அக்கரையில் இருந்த கிழக்கு மாக் சங்க்கிலும், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஜோ பாயில் தூண்டுதலில் ஒரு வசூல் நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு நிக்கல், அதாவது ஐந்து சென்ட், வீட்டுக்கு வீடு. தொழிற்சாலைகளை இழுத்துவர ஒரு நிதி. பட்ரிசியா இதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தார். ஒப்பந்தம் என்னவென்றால், இரண்டு ஊரும் ஒன்றாகி ஜிம் தோர்ப் என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டும், உடல் அங்கே அடக்கமாகும். 1954-ல் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள். சிவப்புக் கருங்கல்லில் சமாதி. ஒக்லஹோமா மண்ணும் ஸ்டாக்ஹோம் மைதான மண்ணும் கொண்டுவந்து போட்டார்கள்.

தனித்தனி ஊராக இருந்த இரண்டு கரையையும் ஒன்றாக்கியதே பெரிய காரியம் இல்லையா? ஊருக்கு வேறு என்ன வழி இருந்தது?

---

தமிழ்க்கொடி

சரவணன், ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒக்லஹோமாவில் அவருடைய சொந்த மக்கள் தங்கள் முறைப்படி இறுதிச் சடங்கு செய்துகொண்டிருந்தார்கள். சடங்கு முடியும் முன் அந்த மனைவி போலீசோடும் சவ வண்டியோடும் வந்து உடலை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பாதிச் சடங்கு பிள்ளைகள் மனதில் கடைசி வரை இருந்தது.

2010-ல் மகன் ஜாக் வழக்குப் போட்டார். பழங்குடியினரின் எச்சங்களை அருங்காட்சியகங்கள் திருப்பித் தர வேண்டும் என்று 1990-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் "அருங்காட்சியகம்" என்றால் மத்திய அரசுப் பணம் பெறும் உள்ளாட்சிகூட வரலாம். எனவே நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருந்த கேள்வி: ஜிம் தோர்ப் பேரூராட்சி ஒரு அருங்காட்சியகமா? 2013-ல் மாவட்ட நீதிமன்றம் ஆம் என்றது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. ஒருவர் தன் கணவரை அடக்கம் செய்த இடத்தைக் குடும்பச் சண்டைக்காக இந்தச் சட்டத்தில் இழுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அத்தோடு முடிந்தது. ஜாக் 2011-லேயே இறந்துவிட்டார்.

ஊரிடம் கருணை இருந்திருந்தால் வழக்கே வேண்டியிருக்காது. பெயரை வைத்துக்கொள்ளுங்கள், உடலைக் கொடுங்கள் என்றுதான் பிள்ளைகள் கேட்டார்கள்.

---

கோமதி_ஆலன்டவுன்

குடும்பத்திலும் ஒரே குரல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பேரன்களில் சிலர் "தாத்தா அங்கேயே இருக்கட்டும், மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள்" என்று ஊரின் பக்கம் நின்றார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு ஆண்டும் அவர் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். பதக்கங்களைத் திரும்பத் தரச் சொல்லி நடந்த இயக்கத்துக்கும் ஊரார் துணை நின்றார்கள். 1982-ல் ஒலிம்பிக் குழு பதக்கங்களை மீட்டுக் கொடுத்தது, ஆனால் இணை வெற்றியாளர் என்றுதான். 2022-ல்தான் அவரே தனி வெற்றியாளர் என்று அறிவித்தார்கள்.

ஆனால் பட்ரிசியாவும் ஊராரும் கனவு கண்ட மருத்துவமனை, அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கான புகழ்க்கூடம் எதுவும் வரவில்லை. 1960-களில் பழைய பெயருக்கே திரும்ப வேண்டும் என்று வாக்கெடுப்பு வைத்துத் தோற்ற கூட்டமும் அந்த ஊரில் உண்டு. சமாதி ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில். சனிக்கிழமையில் ஊருக்குள் கார் நிறுத்த இடமில்லாமல் அலைவோம், சமாதியில் நாலு பேர் இருப்பார்கள்.

---

பழையபெட்டி

கோமதி அக்கா சொன்ன கடைசி வரியில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டம் வருவது ரயிலுக்கு, பழைய தெருவுக்கு, சிறைக்கு, மலைக்கு. சமாதிக்கு இல்லை.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். 1954 என்பது தற்செயலான வருஷம் இல்லை. அதே 1954-ல் வைட், ஹசார்ட் ஆரம்பித்த லீஹை நிலக்கரிக் கம்பெனி, லான்ஸ்ஃபோர்டு இருக்கும் பான்தர் பள்ளத்தாக்கின் சுரங்கங்களை மூடியது. ஆந்த்ரசைட் உச்சம் தொட்டது 1917-ல், ஏறக்குறைய 10 கோடி டன். பிறகு எண்ணெய் வந்தது, எரிவாயு வந்தது, வீடுகளில் கரி அடுப்பு போயிற்று. மேலே லான்ஸ்ஃபோர்டில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்து நின்றபோதுதான் கீழே இந்தப் பெயர் மாற்றம். நாம் இன்று வசதியாக உட்கார்ந்து "வியாபாரம்" என்கிறோம்.

பக்கத்து ஊர்களைப் பாருங்கள். சென்ட்ரேலியாவில் 1962-ல் சுரங்கத்துக்குள் தீப்பிடித்தது. 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 4.2 கோடி டாலர் ஒதுக்கி மக்களை வெளியேற்றியது. 2002-ல் அஞ்சல் குறியீட்டையும் எடுத்துவிட்டார்கள். 2020 கணக்கில் மிஞ்சியவர் ஐந்து பேர். சம்மிட் ஹில்லிலேயே 1859-ல் பற்றிய தீ 80 ஆண்டு எரிந்தது. அதையும் அந்தக் காலத்தில் சரிவு ரயிலில் வந்தவர்களுக்குக் காட்சியாகக் காட்டினார்கள் என்பது தனி.

ஆந்த்ரசைட் நாட்டில் ஒரு ஊர் முழுசாக நிற்பதே பெரிது. தமிழ்க்கொடி சொல்கிற கருணை இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 1954-ல் வாக்களித்தவர்களை வெட்கங்கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

---

தமிழ்க்கொடி

1954-ல் வாக்களித்தவர்களை நானும் சொல்லவில்லை. 2010-ல் மகன் போட்ட வழக்கை எதிர்த்து நின்ற ஊராரைச் சொன்னேன். அப்போது ஊர் பட்டினி கிடக்கவில்லை.

---

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. பேய், ஆவி பற்றிய பதிவுகளை வேறு பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். கைரேகை பற்றி மட்டும் இங்கே இருக்கட்டும்.

---

சும்மாவந்தவன்

எனக்குப் பயணத் திட்டம் வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே நாள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

---

கோமதி_ஆலன்டவுன்

கரி வந்த வழியிலேயே வாருங்கள், அப்போதுதான் ஊர் புரியும்.

காலையில் நேராக லான்ஸ்ஃபோர்டு. அங்கே 9-ஆம் எண் சுரங்கம், 1855-ல் தோண்டியது, 1972-ல் மூடியது, இப்போது அருங்காட்சியகம். சின்ன ரயிலில் 1,600 அடி மலைக்குள் கூட்டிப்போவார்கள். பாறையைக் குடைந்து வைத்த மருத்துவ அறையும், கோவேறு கழுதைகள் நடந்த பாதையும் உள்ளே இருக்கின்றன. கோடையிலும் குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். குளிர்காலத்தில் மூடியிருக்கும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு சம்மிட் ஹில் வழியாக ஜிம் தோர்ப் இறங்குங்கள். ரயில் நிலையம் 1888-ல் கட்டியது. அங்கிருந்து லீஹை கார்ஜ் சுற்றுலா ரயில் கிளம்பும், போக வர 16 மைல். அக்டோபர் சனி ஞாயிறு என்றால் டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பேக்கர் மாளிகையில் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும், அதை அடுத்த முறைக்கு வையுங்கள். சிறையை நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள், வீட்டில் ஒருவர் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் கடையில் இருக்கட்டும். சமாதிக்குப் போவதென்றால் 903-ஆம் எண் சாலை, கார் நிறுத்தக் காசு கிடையாது.